ஜான் டன்னின் கசந்த காதல் கவிதைகளை வாசிக்கும் முறை

ஆங்கில இலக்கியம் படிக்கத் தொடங்கும் ஒருவர் கவிஞர் ஜான் டன்னை முதலில் சந்திப்பது பெரும்பாலும் 'போய் ஒரு விழும் விண்மீனைப் பிடி' என்று தொடங்கும் பாட்டில்தான். அந்தப் பாட்டு 27 அடிகளுக்குள் விண்மீனைப் பிடிக்கச் சொல்கிறது, மனித வடிவம் கொண்டதாக நம்பப்பட்ட மாண்ட்ரேக் வேரைக் கருவுறச் செய்யச் சொல்கிறது, கடற்கன்னியின் பாடலைக் கேட்கக் கற்றுத்தரச் சொல்கிறது. இவற்றைச் செய்து முடித்தாலும், உண்மையும் அழகும் ஒருங்கே வாய்த்த பெண்ணை எங்கும் காண முடியாது என்று அடித்துச் சொல்கிறது. நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஆண் வேறெப்படி எழுதுவான் என்று ஒருவர் புத்தகத்தை மூடிவிடுவார். இது விளையாட்டுப் பேச்சு, இதற்குப் போய்க் கோபப்படலாமா என்று இன்னொருவர் சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவார். இருவருமே கவிதை சொல்லும் காரணங்களைக் காதில் வாங்காமல் நகர்ந்துவிடுகிறார்கள். காதலையும் பெண்ணையும் நம்பாத இந்தக் கவிதைகள் ஒவ்வொன்றும் ஒரு வழக்கு. வழக்கை வைப்பவன் எந்த இடத்தில் தடுமாறுகிறான் என்பதைப் பெரும்பாலும் கவிதையே காட்டிக்கொடுக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க எனக்கு உதவிய வழிகளை இங்கே எழுதுகிறேன்.

பெயரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டன் உள்ளிட்ட கவிஞர்களை 'மெட்டாஃபிசிக்கல் கவிஞர்கள்', அதாவது நுண்தத்துவக் கவிஞர்கள், என்று வகைப்படுத்தும் வழக்கத்தை நிலைநிறுத்தியவர் 18ஆம் நூற்றாண்டின் திறனாய்வாளர் சாமுவேல் ஜான்சன். அவருக்கு முன்பே, 1693இல், கவிஞர் ஜான் டிரைடன் டன்னைக் குறை கூறியிருந்தார்: பெண்களின் இதயத்தைத் தொட வேண்டிய காதல் பாட்டில் தத்துவத்தின் நுணுக்கங்களைக் கொண்டுவந்து அவர்களுடைய மூளையைக் குழப்புகிறாராம். குறையாகச் சொன்ன அந்த வாக்கியத்தை நாம் வழிகாட்டியாக எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கவிதைகளில் காதல் பெரும்பாலும் வாதத்தின் வடிவிலேயே நடக்கிறது. ஆகவே உணர்ச்சி எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கு முன்னால், வாதம் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில் செய்ய வேண்டியது, பேசுபவனையும் எழுதியவனையும் பிரிப்பது. தமிழ் வாசகருக்கு இது புதிய பாடமன்று. தலைவன் கூற்று, தோழி கூற்று, பரத்தை கூற்று என்று அடையாளம் கண்டு அகப்பாடல்களை வாசித்துப் பழகியவர், பரத்தையின் சொல்லைப் புலவரின் கொள்கையாக எடுத்துக்கொள்வதில்லை. டன்னின் கவிதைகளில் 'இன்னார் கூற்று' என்ற குறிப்பு கிடையாது. நாமேதான் அதை எழுதிக்கொள்ள வேண்டும். நான் ஒவ்வொரு கவிதைக்கும் மேலே பென்சிலால் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதுவது வழக்கம்: பேசுவது யார், யாரிடம் பேசுகிறார், இந்தப் பேச்சு தொடங்குவதற்குச் சற்று முன் என்ன நடந்திருக்க வேண்டும். மூன்றாவது கேள்வி சிறியதாகத் தோன்றும், ஆனால் மிகுதியாகப் பயன்படுவது அதுதான். விண்மீன் பாட்டின் பேச்சாளன் இன்னோர் ஆணிடம் பேசுகிறான். பெண் ஒருத்தியும் அங்கே இல்லை. அவளைப் பற்றிய தீர்ப்பு அவள் இல்லாத இடத்தில் வழங்கப்படுகிறது.

அந்த ஆண்கள் கூட்டம் கற்பனை மட்டுமன்று. டன் 1572இல் லண்டனில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். 1592இல் லிங்கன்ஸ் இன் என்னும் சட்டக் கழகத்தில் சேர்ந்தார். சட்டம் பயின்ற இளைஞர்கள் ஒன்றாக உண்டு, வாதிட்டு, நாடகம் பார்த்துக் கழித்த இடம் அது. அவருடைய கவிதைகள் அவர் வாழ்ந்த காலத்தில் பெரும்பாலும் அச்சேறவில்லை. நண்பர்களின் கையில் கையெழுத்துப் படிகளாகச் சுற்றின. தொகுப்பு வெளிவந்தது அவர் இறந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1633இல்தான். ஆகவே பெண்களைப் பழிக்கும் ஒரு கவிதையின் முதல் வாசகர்கள், வழக்கின் எந்தப் பக்கத்தையும் எடுத்து வாதிடும் பயிற்சி பெற்ற ஆண்கள் என்று வைத்துக்கொண்டு வாசிப்பது நியாயம். 'பெண்களின் நிலையாமைக்கு ஆதரவாக' என்று பொருள்படும் தலைப்பில் டன் ஓர் உரைநடை வாதமும் எழுதியிருக்கிறார். பெண்கள் மாறுகிறவர்கள் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு, மாறுவது குறையே அன்று என்று அது வாதிடுகிறது. இந்தப் பின்னணி கவிதைகளின் கடுமையை மன்னித்துவிடாது. ஆனால் அவற்றை ஒரு மனிதனின் ஒப்புதல் வாக்குமூலமாக வாசிக்கும் பிழையிலிருந்து நம்மைக் காக்கும்.

வாழ்க்கை வரலாற்றைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. டன் 1601 டிசம்பரில் ஆன் மோர் என்ற பெண்ணை அவளுடைய தந்தைக்குத் தெரியாமல் மணந்தார்; அதற்காகச் சிறைக்குப் போனார், வேலையை இழந்தார். 1615இல் பாதிரியாரானார். 1617இல் பன்னிரண்டாவது குழந்தை இறந்து பிறந்தபின் ஆன் மறைந்தார். 1621இல் டன் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் தலைமைக் குருவானார். இதை வைத்துக்கொண்டு, கசந்த கவிதைகளெல்லாம் திருமணத்துக்கு முன், கனிந்த கவிதைகளெல்லாம் திருமணத்துக்குப் பின் என்று பிரிப்பது எளிது; பல கையேடுகள் அப்படித்தான் பிரிக்கின்றன. ஆனால் தனித்தனிக் கவிதைகள் எழுதப்பட்ட ஆண்டுக்குப் பெரும்பாலும் சான்று இல்லை. 'ஜாக் டன் எழுதியது, டாக்டர் டன் எழுதியதன்று' என்ற புகழ்பெற்ற தொடரை இந்தப் பிரிவினைக்குத் துணைக்கு அழைப்பார்கள். அந்தத் தொடரை அவர் ஒரு கடிதத்தில் சொன்னது, தற்கொலையைப் பற்றி எழுதிய உரைநடை நூலைக் குறித்துத்தான். காதல் கவிதைகளைக் குறித்தன்று. காலத்தைக் காட்டிக் கசப்பைத் தள்ளிவைக்கும் வழி நமக்கு அடைபட்டே இருக்கிறது. விடியலில் விழித்த இருவர் ஒருவரையொருவர் முழு உலகமாகக் காணும் கவிதையும், பெண்ணைப் பிணத்துக்கு ஒப்பிடும் கவிதையும் ஒரே கையால் எழுதப்பட்டவை என்பதை ஏற்றுக்கொண்டுதான் தொடர வேண்டும்.

அடுத்து, கவிதை எதை எதிர்த்துப் பேசுகிறது என்று கேளுங்கள். இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் வழியாக ஐரோப்பா முழுவதும் பரவியிருந்த காதல் மரபில் பெண் எட்டாத உயரத்தில் இருப்பாள். ஆண் எரிவான், உறைவான், அழுவான், அவள் மனமிரங்காததால் செத்துக்கொண்டே இருப்பான். 1590களின் இங்கிலாந்தில் அந்த மரபில் சானெட்டுகள் என்னும் பதினான்கு அடிக் கவிதைகள் குவிந்தன. டன்னின் ஏளனத்தில் பெரும்பகுதி இந்தப் புகழ்ச்சிமொழியின் மீது விழுவது. 'ஆவியுரு' என்று பொருள்படும் 'தி ஆப்பரிஷன்' கவிதையில், நீ ஏற்காததால் நான் இறந்தேன் என்ற தேய்ந்த வாய்பாட்டை அவர் சொல்லுக்குச் சொல் உண்மையாக எடுத்துக்கொள்கிறார். பேச்சாளன் உண்மையாகவே இறந்து, பேயாகி, அவள் வேறொருவனோடு படுத்திருக்கும் கட்டிலுக்கு வருகிறான். அவளுடைய மெழுகுவர்த்தி நடுங்குகிறது. அவள் பாதரசம் போன்ற குளிர்ந்த வியர்வையில் குளிக்கிறாள். பாதரசம் அக்காலத்தில் மேகநோய்க்கு மருந்து என்பதை அறிந்தவருக்கு அந்த உவமையின் நஞ்சு புரியும். இங்கே மரபைக் கேலி செய்வதும் ஒரு பெண்ணை மிரட்டுவதும் ஒரே வரியில் நடக்கின்றன. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைக்காமல் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி வாதத்தைப் பின்தொடரும் பயிற்சி. இதற்கு மிகவும் ஏற்றது, 'பெண்ணின் நிலைபேறு' என்று பொருள்படும் 'உமன்ஸ் கான்ஸ்டன்சி' என்ற 17 அடிக் கவிதை. ஒரு முழு நாள் என்னைக் காதலித்துவிட்டாய், நாளை பிரியும்போது என்ன சொல்லப்போகிறாய் என்று அது தொடங்குகிறது. பிறகு மற்றவர் சொல்லக்கூடிய சாக்குகளைப் பேசுபவரே வரிசையாக அடுக்குகிறார். புதிதாகச் செய்த சபதத்துக்கு முன்தேதி போடுவாயா? நேற்றிருந்த ஆட்கள் நாம் இல்லை என்பாயா? காதல் தெய்வத்துக்கு அஞ்சிச் செய்த சத்தியம் செல்லாது என்பாயா? உண்மையான மரணம் உண்மையான திருமணத்தை முறிப்பதுபோல, மரணத்தின் நிழலான தூக்கம், திருமணத்தின் நிழலான காதல் ஒப்பந்தத்தை முறித்துவிடும் என்பாயா? பொய்யாக இருப்பது என்று முடிவு செய்துவிட்டதால், பொய்யாக இருந்தால்தான் சொன்ன சொல்லுக்கு உண்மையாக இருக்க முடியும் என்பாயா? ஒவ்வொரு சாக்கையும் உங்கள் சொந்தத் தமிழில் ஒரு வாக்கியமாக எழுதிப் பாருங்கள். முன்தேதியிட்ட பத்திரம், ஆள்மாறாட்டம், அச்சத்தின் பேரில் செய்த ஒப்பந்தம் ஆகிய மூன்றும் சட்டக் கழக மாணவனின் பாடப்புத்தகத்திலிருந்து வந்தவை என்பது எழுதும்போதுதான் உறைக்கும். மேன்மக்களுக்கு அஞ்சிச் செய்த திருமணம் செல்லுமா என்பது திருச்சபைச் சட்டத்தில் உண்மையாகவே விவாதிக்கப்பட்ட கேள்வி.

சாக்குகள் முடிந்ததும், இவற்றையெல்லாம் முறியடிக்க என்னால் முடியும், ஆனால் செய்யமாட்டேன், ஏனென்றால் நாளைக்கு நானும் இப்படியே நினைக்கக்கூடும் என்று கவிதை முடிகிறது. நான் முதலில் வாசித்தபோது கவனிக்கத் தவறிய ஒன்று இங்கே இருக்கிறது: கவிதைக்குள் பேசுபவர் ஆணா பெண்ணா என்று காட்டும் ஒரு சொல்லும் இல்லை. தலைப்பை மறந்துவிட்டுப் பேச்சாளரைப் பெண்ணாக வைத்து ஒருமுறை, ஆணாக வைத்து ஒருமுறை உரக்க வாசியுங்கள். பெண்ணின் குரலில் அது ஓர் ஆணின் ஏமாற்றை முன்கூட்டியே அறிந்த ஒருத்தியின் தெளிவாகிறது. ஆணின் குரலிலோ, குற்றம் சாட்டிக்கொண்டே வந்தவன் கடைசி அடியில் குற்றவாளிக் கூண்டில் தானும் ஏறிக்கொள்கிறான். எப்படி வாசித்தாலும், நிலையாமை பெண்ணின் தனிக்குணம் என்ற கூற்று அந்தக் கடைசி அடியைத் தாண்டி நிற்பதில்லை.

மொழிபெயர்ப்பில் ஒரு கண்ணி இருக்கிறது. இக்கவிதைகளில் திரும்பத் திரும்ப வரும் 'ட்ரூ' என்ற சொல்லுக்குக் 'கற்புள்ள' என்று எழுதும் பழக்கம் நம்மிடையே உண்டு. அப்படி எழுதினால் சுமை முழுவதும் பெண்ணின் தலையில் ஏறிவிடும். ஆங்கிலச் சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. மெய்யானது, மாறாதது, பொய்யல்லாதது என்ற பொருள்களும் அதில் சேர்ந்தே ஒலிக்கின்றன. 'உண்மையான' என்றே வைத்துக்கொண்டு, தேவையான இடத்தில் விளக்குவது நல்லது.

ஓசையையும் கேட்க வேண்டும். கண்ணால் மட்டும் வாசித்தால் விண்மீன் பாட்டின் பாதி நழுவிவிடும். ஒவ்வொரு பத்தியிலும் ஏழாவது, எட்டாவது அடிகள் இரண்டே அசைகளில் முடிகின்றன. கடைசிப் பத்தியில், அப்படி ஒரு பெண்ணைக் கண்டால் சொல், அந்தப் பயணம் இனிது என்று ஒரு கணம் பேச்சாளன் இளகுகிறான். உடனே, வேண்டாம், அவள் அடுத்த வீட்டில் இருந்தாலும் நான் வரமாட்டேன் என்கிறான். நீ கண்டபோது உண்மையாக இருந்தாலும், நீ எனக்குக் கடிதம் எழுதி முடிக்கும்வரை உண்மையாக இருந்தாலும், 'யெட் ஷி' (ஆனாலும் அவள்), அடி முறிகிறது, 'வில் பி' (இருப்பாள்), மீண்டும் முறிகிறது, பிறகுதான் 'ஃபால்ஸ்' (பொய்யானவளாக) வந்து விழுகிறது. நான் வந்து சேர்வதற்குள் இரண்டு மூன்று பேரை ஏமாற்றியிருப்பாள் என்று பாட்டு முடிகிறது. அந்த இரண்டு குட்டை அடிகளில் மூச்சை நிறுத்தி வாசித்தால், அவள் உண்மையாகவே இருந்துவிடுவாளோ என்ற எதிர்பார்ப்பு ஒரு நொடி எழுவதை உணரலாம். வழக்கின் ஓட்டையும் இங்கேதான். பத்தாயிரம் பகலும் இரவும் சவாரி செய்து தேடச் சொன்னவன், அடுத்த வீட்டுக்கு நடந்துபோய்ப் பார்க்க மறுக்கிறான். சான்றைப் பார்க்க மறுப்பவனின் தீர்ப்பு அது. அவனுக்குப் பெண்களைப் பற்றித் தெரிந்ததைவிட, மறுபடியும் நம்பிவிடுவோமோ என்ற அச்சமே பெரிதாக இருக்கிறது என்று நான் வாசிக்கிறேன்.

'பற்றில்லாதவன்' என்று பொருள்படும் 'தி இண்டிஃபரண்ட்' கவிதையை வாசிக்கும்போது வேறொரு கருவி தேவை: தலைகீழாக்கப்பட்ட சொற்களைத் தேடுங்கள். வெளுத்தவளையும் கறுத்தவளையும், நாட்டுப்புறத்தாளையும் நகரத்தாளையும், அழுபவளையும் அழாதவளையும் காதலிக்க முடியும், உண்மையானவளாக மட்டும் இருக்கக் கூடாது என்கிறான் பேச்சாளன். ரோமானியக் கவிஞர் ஓவிட் எழுதிய காதல் கவிதை ஒன்றின் சாயல் அதில் தெளிவாகத் தெரிகிறது. இங்கே உறுதி 'தீயொழுக்கம்' என்றும், உறுதியாக இருப்போர் 'மதத்துரோகிகள்' என்றும் அழைக்கப்படுகிறார்கள். கத்தோலிக்க நம்பிக்கைக்காகச் சொந்தத் தம்பி சிறைப்பட்டு 1593இல் சிறையிலேயே இறந்ததைக் கண்ட ஒருவர் அந்தச் சொல்லை விளையாட்டாகப் பயன்படுத்துகிறார் என்பதை நினைக்காமல் என்னால் அந்த அடியைக் கடக்க முடிவதில்லை. கடைசியில் காதல் தேவதை வீனஸ் விசாரணை நடத்தி, உறுதியாக இருப்பேன் என்று அடம்பிடித்த இரண்டு மூன்று பேருக்குத் தண்டனை விதிக்கிறாள்: உங்களிடம் பொய்யாக இருப்பவர்களுக்கே நீங்கள் உண்மையாக இருப்பீர்கள். துணிச்சலாகத் தொடங்கிய கவிதை, உலகில் நாம் அறிந்த மிகப் பழைய துயரம் ஒன்றைத் தொட்டு நிற்கிறது. அந்த முடிவில் சிரிப்பு மட்டும் கேட்டால் மறுபடியும் வாசியுங்கள்.

17ஆம் நூற்றாண்டின் மற்றோர் ஆங்கிலக் கவிஞர் ஆண்ட்ரூ மார்வெலின் 'நாணும் காதலிக்கு' என்ற கவிதை, 1681இல் அவர் மறைவுக்குப் பின் அச்சானது, இதே கருவிகளுக்கு எளிதில் இடம்கொடுக்கும். காலம் இருந்தால், ஆனால் இல்லை, ஆகவே என்ற மூன்று படிகளில் அதன் வாதம் ஏறுகிறது. கங்கைக் கரையில் நீ மாணிக்கம் தேடு, நான் ஹம்பர் ஆற்றங்கரையில் புலம்புகிறேன் என்ற இனிய விரிவு, கல்லறைப் புழுக்கள் அவள் காத்த கன்னிமையைச் சோதிக்கும் என்ற இடத்தில் திடீரென்று குளிர்கிறது. வாதத்தைவிட அந்த அச்சுறுத்தலே அவளைப் பணியவைக்க முயல்கிறது என்பதைக் குறித்துக்கொண்டால் போதும்.

எந்தக் கருவிக்கும் முழுதாக வசப்படாத டன்னின் கவிதை ஒன்று உண்டு. 'காதலின் ரசவாதம்' என்று பொருள்படும் 'லவ்ஸ் ஆல்கெமி' அது. இதற்கு நேரம் ஒதுக்குங்கள். காதலின் சுரங்கத்தை என்னைவிட ஆழமாகத் தோண்டியவர்கள் அதன் நடுவில் இருக்கும் இன்பம் எங்கே என்று சொல்லட்டும். நான் காதலித்தேன், அடைந்தேன், எண்ணிப் பார்த்தேன், எத்தனை வயதுவரை செய்தாலும் அந்த மறைபொருள் கிடைக்காது, எல்லாம் மோசடி என்று தொடங்குகிறது. ரசவாதி அமுதத்தைக் கண்டதில்லை. வழியில் ஏதாவது நறுமணப் பொருளோ மருந்தோ கிடைத்தால் தன் பானையைப் புகழ்ந்துகொள்வான். காதலர்களும் நீண்ட இன்பத்தைக் கனவு கண்டு, குளிர்காலம் போன்ற ஒரு கோடை இரவைப் பெறுகிறார்கள். நம் வாசகருக்கு இங்கே பட்டினத்தார் நினைவுக்கு வரலாம். ஆனால் பட்டினத்தார் துறவின் பக்கம் நின்று பழிக்கிறார். இந்தப் பேச்சாளன் எதையும் துறக்கவில்லை, கணக்குத்தான் பார்க்கிறான். இரண்டாம் பத்தியில் அவன் வாயிலிருந்து ஒரு புகார் தவறி விழுகிறது: திருமண நாளின் சிறிய அவமானத்தைப் பொறுத்துக்கொண்டால் என் வேலைக்காரனும் என்னளவு இன்பம் பெற முடியும் என்றால், காதல் இவ்வளவுதானா? பெண்ணின் மீதான வெறுப்பாகத் தோன்றியதற்குள் தன் தகுதி குறைந்துவிட்ட கனவானின் வருத்தமும் இருக்கிறது.

பெண்களிடம் மனத்தை எதிர்பார்க்காதே என்று தொடங்கும் கடைசி அடிகளில் 'மம்மி' என்ற சொல் வருகிறது. அதன் பழைய பொருளைப் பெரிய அகராதியில் பாருங்கள். பதப்படுத்திய பிணத்திலிருந்து எடுத்து மருந்தாக விற்கப்பட்ட பொருளுக்கும் அக்காலத்தில் அதுவே பெயர். 'பொஸெஸ்ட்' என்ற இறுதிச் சொல், ஆண் உடைமையாக்கிக்கொண்டதையும் பேய் பிடித்ததையும் ஒருங்கே குறிக்கும். காற்புள்ளிகள் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதால், அவர்களுடைய இனிமையும் அறிவும் எந்தச் சொல்லோடு சேர்கின்றன என்பதும் மாறுகிறது. இரண்டு பதிப்புகளையாவது அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். எப்படி ஒப்பிட்டாலும் அடிகளின் கொடுமை குறைவதில்லை. வேலைக்காரனைப் பற்றிய அந்த வருத்தத்தைக் கண்டுபிடித்ததால் இந்த முடிவு நியாயமாகிவிட்டது என்று எழுதாதீர்கள். கவிதையின் திறமையைச் சொல்லுங்கள், அது செய்யும் அநீதியையும் சொல்லுங்கள்.

இதற்குப் பிறகு, பெண் குரலில் பேசும் இரண்டு கவிதைகளை அவசியம் வாசிக்க வேண்டும். 'அடைபட்ட காதல்' என்று பொருள்படும் 'கன்ஃபைண்ட் லவ்' கவிதையைப் பலர் பெண்ணின் பேச்சாகவே கொள்கிறார்கள். தானே பொய்யனாகவோ வலுவற்றவனாகவோ இருந்த ஓர் ஆண், தன் வலியும் வெட்கமும் குறையட்டும் என்று பெண்குலத்தின் மீது கோபத்தைத் திருப்பினான். ஒருத்திக்கு ஒருவனே என்ற சட்டம் அப்படித்தான் பிறந்தது என்று அது தொடங்குகிறது. மேலே பார்த்த கசந்த ஆண்கள் அனைவரையும் பற்றி டன்னே எழுதிவைத்த குறிப்பாக இதை வாசிக்க முடியும். மற்றொன்று 'பொழுது விடிதல்' என்று பொருள்படும் 'பிரேக் ஆஃப் டே'. வில்லியம் கார்கைன் இசையமைக்க 1612லேயே அச்சான இந்தப் பாட்டில், பொழுது விடிந்ததும் எழுந்து போகும் காதலனிடம் ஒரு பெண் பேசுகிறாள். வெளிச்சம் வந்ததாலா எழுகிறாய், இருட்டினதாலா படுத்தோம் என்று அவளும் வாதத்தில்தான் தொடங்குகிறாள், ஆண்களுக்குச் சற்றும் குறையாத கூர்மையோடு. வேலை இருக்கிறது என்று அவன் சொல்லியிருக்க வேண்டும். ஏழையையும் அழகற்றவனையும் பொய்யனையும்கூடக் காதல் ஏற்றுக்கொள்ளும், வேலை இருக்கிறது என்று எழுந்து போகிறவனை ஏற்காது என்கிறாள். அவன் என்ன பதில் சொன்னான் என்பது பாட்டில் இல்லை.